அன்பின் புதல்வியர்

பிறர் துயர் கண்டு இரங்குவோர் உலகிற் பலர். இரங்கியதோடு அமையாது எழுந்து சென்று அத்துயரைத் துடைப்போர் சிலர். அப்பணி தம் காலத்தோடு ஒழியாமல் வழிவழி நிலைக்குமாறு ஒழுங்கு செய்து வைப்போர் மிகச் சிலர். அம்மிகச் சிலருள் வைத்து எண்ணத்தக்கவர், பிரான்சு நாட்டில் வாழ்ந்த வின்சென்ட் தெ பவுல் என்னும் கத்தோலிக்கக் குருவும், லூயிஸ் தெ மரியாக் என்னும் அம்மையாரும் ஆவர். இவ்விருவரும் 1633-ஆம் ஆண்டில் தோற்றுவித்த கன்னியர் சபையே ‘அன்பின் புதல்வியர்’ என வழங்கப்பெறுவதாகும்.

இச்சபைக்கு வித்திட்ட நிகழ்ச்சி 1617-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அப்பொழுது வின்சென்ட் ஷாத்தியோன் என்னும் சிற்றூரின் குருவாக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வழிபாட்டிற்கு ஆயத்தமாகும் வேளையில், ஊர்ப்புறத்தே ஒரு குடும்பத்தார் அனைவரும் நோயுற்று, உதவுவார் எவருமின்றிக் கிடக்கின்றனர் என்ற செய்தி வந்தது. அவர் தம் உரையில் அக்குடும்பத்தின் நிலையை எடுத்துக் கூறினார். பிற்பகலில் அவரே அவ்வீட்டை நோக்கிப் புறப்பட்டார். என்னே வியப்பு! வழி நெடுகிலும் உணவு ஏந்திய மக்கள் சென்றுகொண்டும் மீண்டுகொண்டும் இருந்தனர். அக்காட்சி அவருக்கு மகிழ்ச்சியளித்தது. எனினும் அம்மகிழ்ச்சியினூடே ஒரு கவலையும் பிறந்தது. இன்று குவிந்த உணவில் பெரும்பகுதி கெட்டொழியும். நாளையோ அவ்வேழைகள் மீண்டும் பசித்திருப்பர். பெருமழை பெய்தால் மட்டும் பயிர் விளைந்துவிடுமா? அந்நீரை ஏரியில் தேக்கி, மடை வழியே அளவறிந்து பாய்ச்சுதல் வேண்டுமன்றோ? இரக்கமும் அத்தகையதே என உணர்ந்த வின்சென்ட், அவ்வூர்ப் பெண்டிரை ஒன்று கூட்டி, நாள்தோறும் முறைவைத்து நோயாளரைப் பேணும் சங்கம் ஒன்றை அமைத்தார்.

இத்தகைய சங்கங்கள் பின்னர்ப் பாரிஸ் மாநகரிலும் தோன்றின. ஆங்கு உயர்குடிப் பெண்டிர் பலர் அவற்றிற் சேர்ந்தனர். அவர்களிடம் நல்ல உள்ளமும் பொருளும் இருந்தன. ஆயினும், குறுகிய சந்துகளில் நுழைந்து, கஞ்சிக்கலயம் சுமந்து, நோயாளரின் புண்ணைக் கழுவுதல் அவர்தம் நிலைக்கு ஒவ்வாததாகத் தோன்றிற்று. எனவே, பலர் தமக்கு மாற்றாக வேலைக்காரிகளை அனுப்பினர். தம் கையால் தொண்டு செய்வாரே வேண்டும் என்பது அப்பொழுது தெளிவாயிற்று.

அந்நிலையில் வந்து சேர்ந்தவர் மார்கரீத் நாசோ என்னும் உழவர்குலப் பெண். அவர் சுரேன் என்னும் ஊரில் பசு மேய்த்து வந்தவர். பள்ளியிற் கால் வைத்தவரல்லர். எழுத்துச் சுவடி ஒன்றை விலைக்கு வாங்கி, மாடு மேய்க்குமிடத்து வழிச்செல்வோரை நிறுத்தி, “இஃது என்ன எழுத்து? இச்சொல் யாது?” என வினவி வினவியே படிக்கக் கற்றுக்கொண்டார், கற்றதை ஏனைய சிறுமியர்க்கும் கற்பித்தார். பின்னர்ப் பாரிஸ் நகரம் அடைந்து நோயாளர் பணியில் ஈடுபட்டார். கொள்ளைநோய் கண்ட பெண்ணொருத்திக்குத் தம் படுக்கையிலேயே இடமளித்தமையால், தாமும் அந்நோய்வாய்ப்பட்டு 1633-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உயிர் துறந்தார். அவர் காட்டிய நெறியைப் பின்பற்றிச் சிற்றூர்ப் பெண்கள் பலர் முன்வந்தனர். கணவரை இழந்து, தம் வாழ்வை அறத்திற்கே உரிமையாக்கியிருந்த லூயிஸ் அம்மையார், அவ்வாண்டு நவம்பர் 29-ஆம் நாள் அவர்களுட் சிலரைத் தம் இல்லத்தில் ஒருங்கு வைத்துப் பயிற்றத் தொடங்கினார். அதுவே சபை பிறந்த நாளாகும்.

இது புதுமையானதொரு முயற்சி. அக்காலத் திருச்சபைச் சட்டப்படி, துறவு பூண்ட கன்னியர் மடத்து மதிலுக்குள்ளேயே வாழ்தல் வேண்டும். அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழைகளின் இல்லம் நாடிச் சென்று தொண்டாற்றத் தொடங்கிய மற்றொரு சபையினர், சில ஆண்டுகளிலேயே மதிலுக்குள் அடங்க நேர்ந்தது. தம் சபைக்கும் அந்நிலை வாராதிருக்க வின்சென்ட் வழி கண்டார். இச்சகோதரியர்க்கு நோயாளர் இல்லமே மடம் என்றும், நகரத் தெருக்களே மதில் என்றும் அறிவுறுத்தினார். அவர்கள் வாழ்நாள் முழுமைக்குமான வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்துக் கொள்வர். நாட்டுப்புறப் பெண்டிரின் எளிய உடையே அவர்தம் உடையாயிற்று.

பணிகள் ஒன்றன்பின் ஒன்றாய் விரிந்தன. ஏழைச் சிறுமியர்க்குப் பள்ளிகள் எழுந்தன. தெருவோரங்களிற் கைவிடப்பட்ட பச்சிளங் குழவிகளை 1638 முதல் ஏற்று வளர்த்தனர். விலங்கு பூட்டப்பெற்றுக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனைக்கு உள்ளான கைதிகளுக்கும் உணவளித்துப் பேணினர். 1658-இல் கலே நகரில் காயமுற்ற போர்வீரர்களுக்குப் பணிபுரியச் சென்ற நால்வருள் இருவர் நோயுற்று இறந்தனர். அச்செய்தி கேட்டு ஏனையோர் அஞ்சினார்களா? இல்லை, அவ்விடத்தை நிரப்பப் பிறர் முன்வந்தனர். 1660-ஆம் ஆண்டில் லூயிஸ் அம்மையாரும் வின்சென்டும் சில திங்கள் இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர், சபையோ தளரவில்லை.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சபைக்குப் பெருஞ்சோதனை நேர்ந்தது. சபை கலைக்கப்பட்டது. அரசு விதித்த உறுதிமொழியை ஏற்க மறுத்த அராஸ் நகரச் சகோதரியர் நால்வர் 1794 ஜூன் 26 அன்று கொலைக்களத்தில் உயிர்நீத்தனர். எனினும், மருத்துவமனைகளில் நோயாளரைப் பேண இவர்கள் இன்றியமையாதவர் என்பதை நாடு விரைவில் உணர்ந்தது. 1800-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வரசே, புதியோரைச் சேர்த்துப் பயிற்ற மீண்டும் இசைவு அளித்தது.

இச்சபையின் புகழ் பிற நாடுகளையும் எட்டிற்று. 1854-இல் கிரைமியப் போர் நிகழ்ந்தபொழுது, பிரெஞ்சு வீரர்களை இச்சகோதரியர் பேணுவதைக் கண்ட ஆங்கிலேயர், நம் வீரர்களுக்கு இத்தகையோர் ஏன் இல்லை என நாளிதழ் வாயிலாக வினவினர். அவ்வாண்டே போர்முனை மருத்துவமனைக்குச் சென்ற பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார், முந்திய ஆண்டில் பாரிஸில் இச்சகோதரியரிடம் தங்கி அவர்தம் பணிமுறையைக் கண்டறிந்தவராவார். 1896-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பாழடைந்த கரும்புத் தோட்ட மாளிகையொன்றில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தொழுநோயாளரிடம் சகோதரியர் நால்வர் சென்று சேர்ந்தனர். பின்னாளில் பெருமருத்துவமனையாய் வளர்ந்த அவ்விடத்திலேதான், 1941-இல் தொழுநோய்க்குப் புரோமின் என்னும் மருந்து பயனளிப்பது கண்டறியப்பட்டது.

இவர்களுக்கு அடையாளமாயிருந்த, அகன்ற சிறகு போன்ற வெண்ணிறத் தலையணி 1964-இல் கைவிடப்பட்டது. உடை மாறிற்று, உள்ளம் மாறவில்லை. இன்றும் பல நாடுகளில் இச்சகோதரியர் நோயாளர், முதியோர், அனாதைகள், வீடற்றோர் ஆகியோர்க்குத் தொண்டு புரிந்து வருகின்றனர்.

செல்வமும் கல்வியும் நிரம்பிய பின்னரே பிறர்க்கு உதவுவோம் என்று காத்திருப்போர் பலர். வழிச்செல்வோரிடம் எழுத்தறிந்து, அறிந்த அவ்வளவையும் அன்றே பிறர்க்கு வழங்கிய பசு மேய்க்கும் பெண்ணோ காத்திருக்கவில்லை. இச்சபையின் வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மையும் அதுவே.