வாசல் தேடி வந்த பரிசோதனை

மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் இரத்தத்தைக் காட்டி, பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய உதவும் எளிய சோதனை பல நாடுகளில் அரசுத் திட்டமாகவே நடைபெறுகிறது; இந்தியாவில் 2016இல் மத்திய அரசு வகுத்த நெறிமுறையோ வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களையே எடுத்துக்கொண்டது. இங்கு பெருங்குடல் புற்றுநோய் மேலை நாடுகளைவிடக் குறைவு என்பதால் இந்த வரிசையில் பிழையில்லை. ஆயினும் அது சேர்க்கப்படும் நாளில், மும்பையின் பாண்டுப், தாராவி போன்ற உழைப்பாளர் பகுதிகளின் மக்களைப் பரிசோதனைக்கு இணங்கவைப்பது எப்படி என்பதற்கு அந்நகரிலேயே முன்மாதிரி உண்டு.

டாடா நினைவு மருத்துவமனை 1998இல் மும்பைக் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வில், 35 முதல் 64 வயது வரையிலான சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள் இரு பிரிவுகளாகச் சேர்க்கப்பட்டனர். ஆய்வகமோ மருத்துவரோ தேவைப்படாத முறை அது: பத்தாம் வகுப்பு படித்து, நான்கு வாரப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள், வினிகரின் புளிப்புக்குக் காரணமான அசிட்டிக் அமிலத்தின் நீர்த்த கரைசலைக் கருப்பை வாயில் தடவி, சந்தேகத்துக்குரிய திசு வெண்மையாக மாறுகிறதா என்று வெறுங்கண்ணாலேயே பார்த்தனர். அழைக்கப்பட்டோரில் 89 விழுக்காட்டினர் பரிசோதனைக்கு வந்தனர். அந்நோயால் நேரும் இறப்பு 31 விழுக்காடு குறைந்தது.

இந்த வெற்றிக்குக் கருவிகளைவிடக் களத்தில் இறங்கிய பணியாளர்களே காரணம். ஆகவே, பெருங்குடல் சோதனைக்கான குப்பிகளை வாங்கிக் குவிப்பதற்கு முன்னால், அவற்றை வீடுதோறும் கொண்டுசெல்லும் களப் பணியாளர்களை நியமிப்பதே அரசின் முதல் வேலை.