உயரமே முதல்: இறக்கை உடையும் வேக இறக்கமும்

ஆகாயத்திலிருந்து குதிப்பதைப் பற்றித் துணி வியாபாரி எழுதுவானேன் என்று சங்கத்து அன்பர்கள் கேட்கலாம். காரணம் இரண்டு. பாராசூட் என்பதும் துணிதான், நூலும் தையலும்தான். இன்னொன்று, இது எங்கள் வீட்டு விஷயமாகவே வந்து சேர்ந்தது.

என் தங்கை பேரன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். லீவில் ஆக்ரா வந்தவன், அங்கே ஸ்கைடைவிங் பழகி நாற்பது தடவைக்கு மேல் குதித்துவிட்டதாகச் சொன்னான். அடுத்து, இறக்கை வைத்த உடை போட்டுப் பறக்கப் போறேன் என்றான். அவன் அம்மா என்னிடம் வந்து, "மாமா, நீங்களாவது இவனுக்குச் சொல்லுங்க" என்று கண் கலங்கினாள். தெரியாத விஷயத்தில் புத்தி சொல்லக்கூடாது என்பது என் வழக்கம். ஒரு மாதம் டயம் கேட்டு, கிடைத்ததையெல்லாம் படித்தேன், அவனையும் குடைந்து குடைந்து கேட்டேன். வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிள்ளைகள் இருக்கிற மற்ற குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

வட்டக் குடையும் சதுரக் குடையும்

ஆக்ராவில் இருப்பவர்களுக்குப் பாராசூட் புதிதல்ல. ராணுவத்தாருக்குக் குதிக்கக் கற்றுத்தரும் பள்ளி இங்கேதான் இருக்கிறது. விமானப் படையின் ஆகாஷ் கங்கா குழுவும் 1987இல் இங்கேதான் தொடங்கப்பட்டது. மால்புரா மைதானத்துப் பக்கம் போகிறவர்கள் இரண்டு வகைக் குடைகளைப் பார்த்திருப்பார்கள்: காளான் போல வட்டமாக ஒன்று, மெத்தை போல நீள்சதுரமாக ஒன்று.

வட்டக் குடைக்குத் தெரிந்தது ஒரே வேலை, காற்றைத் தடுத்து விழும் வேகத்தைக் குறைப்பது. 1797 அக்டோபரில் பாரிஸில் கார்னெரன் என்பவர் பலூனிலிருந்து இறங்கியது அப்படிப்பட்ட குடையில்தான். சதுரக் குடை வேறு ஜாதி. அமெரிக்காவில் டொமினா ஜால்பர்ட் என்பவர் 1960களில் கண்டுபிடித்தது. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே தடுப்புத் தடுப்பாகத் தைத்த அறைகள். முன்பக்கம் வாய் திறந்திருக்கும், பின்பக்கம் மூடியிருக்கும். காற்று உள்ளே புகுந்து தலையணை உறை போல உப்பினதும் அது விமான இறக்கையின் உருவத்துக்கு வந்துவிடும். எனவே அது விழுவதில்லை, முன்னோக்கிப் பறந்தபடியே இறங்குகிறது. வலது கைப்பிடியை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும். இரண்டையும் சேர்த்து இழுத்தால் வேகம் குறைந்து ஒரு கணம் மேலே தாங்கும். அந்தத் தாங்கலில்தான் மெதுவாகக் காலை ஊன்றுகிறார்கள்.

துணிக்காரனாக ஒரு வார்த்தை. பழைய சதுரக் குடைகளின் நைலான் துணி கொஞ்சம் காற்றைக் கசிய விடும். பிறகு சிலிக்கான் பூசி, காற்றே புகாத துணி வந்தது. வாயருகே வைத்து ஊதினால் மறுபக்கம் ஒன்றும் வராது. வழுவழு என்று வழுக்குவதால் மடித்துப் பையில் அடைப்பது பெரும்பாடு. ஆனால் பலமுறை குதித்த பின்னும் காற்றை விடாமல் பிடிக்கும். சின்னஞ்சிறு குடையில் வேகமாகப் பறக்க முடிந்ததற்கு இந்தத் துணியும் ஒரு காரணம்.

இறக்கை உடையின் கதை

உடையையே இறக்கையாக்கும் ஆசை பழசு. அந்த வரலாற்றில் முதலில் வருகிறவர் ஒரு தையற்காரர். பாரிஸில் கடை வைத்திருந்த ஃப்ரான்ஸ் ரைஷெல்ட், உடுத்திக்கொள்ளும் பாராசூட் ஒன்றைத் தைத்தார். பொம்மையை வைத்துச் சோதிக்கப் போவதாக அனுமதி வாங்கிவிட்டு, 1912 பிப்ரவரி 4ஆம் தேதி ஈஃபில் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து, சுமார் 57 மீட்டர் உயரத்திலிருந்து, தானே குதித்தார். துணி விரியவில்லை. அங்கேயே இறந்தார்.

அமெரிக்கரான கிளெம் சோன் வௌவால் இறக்கை கட்டிப் புகழ் பெற்றார். 1937இல் பாரிஸ் அருகே வின்சேனில் பாராசூட் சரியாக விரியாமல் உயிர் விட்டார். பிரெஞ்சுக்காரர் லியோ வாலந்தீன் மர இறக்கை கட்டினார். 1956இல் லிவர்பூலில் விமானத்திலிருந்து வெளியேறும்போதே இறக்கை விமானத்தில் இடித்து உடைந்தது, அவரும் பிழைக்கவில்லை.

இன்றைய உடைக்கு வழி காட்டியவர் பத்ரிக் த கயார்தோன் என்ற பிரெஞ்சுக்காரர், 1990களின் நடுவில். மரம், கம்பி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, ஜால்பர்ட்டின் குடை மாதிரியே காற்று நிரம்பி உப்பும் இரட்டைத் துணியை உபயோகித்தார். கைக்கும் விலாவுக்கும் நடுவே இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று, ஆக மூன்று இறக்கை. அவரும் 1998 ஏப்ரலில் ஹவாயில் இறந்தார். பறந்ததில் தப்பில்லை. பாராசூட் பையில் தானே செய்த ஒரு மாற்றத்தில் தையல் தவறியதால் குடை விரியவில்லை. இதைப் படித்தபோது என் கை கொஞ்சம் நடுங்கியது. தையல் பிசகினால் எங்கள் கடையில் ஒரு சட்டை போகும், அவ்வளவுதான்.

1999இல் ஃபின்லாந்தின் யாரி குவோஸ்மாவும் குரோஷியாவின் ராபர்ட் பெச்னிக்கும் சேர்ந்து பேர்ட்மேன் என்ற கம்பெனியைத் தொடங்கி, இந்த உடையைப் பலரும் வாங்கும்படியும் முறையாகக் கற்கும்படியும் செய்தார்கள். அதற்குப் பிறகே இது ஒரு விளையாட்டாக நிலைத்தது.

கணக்கு இப்படி. சாதாரணமாகக் குப்புற விழுகிற ஆள் மணிக்கு 190, 200 கிலோமீட்டர் வேகத்தில் நேராகக் கீழே வருவார். 4,000 மீட்டரில் குதித்தால் குடை விரிக்கும் வரை ஒரு நிமிஷம்கூடச் சரியாக இராது. இறக்கை உடை போட்டவர் கீழே வரும் வேகம் மணிக்கு 60 முதல் 100 கிலோமீட்டருக்குள் அடங்கும், மீதி வேகமெல்லாம் முன்னோக்கிப் போகும். ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் இரண்டரை கிலோமீட்டர் தூரம் போகலாம். நேரம் இரண்டு, மூன்று நிமிஷமாக நீளும்.

அப்படியே தரையிலும் இறங்கலாமே என்று கேட்கத் தோன்றும். பாரத்தைத் தாங்க அந்தத் துணி போதாது. வேகத்தைக் குறைத்தால் தாங்கல் போய்விடும், குறைக்காவிட்டால் பஸ் வேகத்தைவிட அதிக வேகத்தில் தரையில் மோத வேண்டும். 2012 மே 23ஆம் தேதி இங்கிலாந்தில் கேரி கானரி என்பவர் பாராசூட்டே விரிக்காமல் இறங்கிக் காட்டினார், உண்மைதான். ஆனால் இறங்கியது 18,600 காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கிய குவியலின் மேல். மற்ற எல்லோருக்கும் கடைசியில் குடைதான் கதி.

குடையை விரிப்பதிலேயே இந்த உடைக்குத் தனிச் சிக்கல் உண்டு. பெரிய குடையை வெளியே இழுக்க முதலில் ஒரு குட்டிக் குடையைக் காற்றில் வீச வேண்டும. அகலமான உடைக்குப் பின்னால் காற்று மந்தமாக இருப்பதால் குட்டிக் குடை அங்கேயே தத்தளிக்கலாம். விரியும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். கை கால் இரண்டும் துணியில் மாட்டியிருக்கிற ஆள் தட்டாமாலை சுற்ற ஆரம்பித்தால் நிறுத்துவதும் சிரமம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் 1991இல் வந்த சைப்ரஸ் என்ற கருவி, ஆள் மயங்கிவிட்டால்கூட இரண்டாவது குடையைத் தானே திறந்துவிடும். தரையிலிருந்து சுமார் 225 மீட்டர் உயரத்தில், நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகமாக விழுந்தால்தான் அது வேலை செய்யும். இறக்கை உடையில் அந்த வேகமே வராமல் போகலாம். அப்போது கருவி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துச் சும்மா இருந்துவிடும்.

பருந்து மாதிரி இறங்குவது

இரண்டாவது வித்தைக்கு ஸ்வூப்பிங் என்று பேர். கோழிக்குஞ்சைத் தூக்க வருகிற பருந்தை ஊரில் பார்த்திருப்பீர்களே, மேலிருந்து சரேலென்று பாய்ந்து, தரையோரத்தில் அப்படியே மட்டமாகி வழுக்கிக்கொண்டு போகும். அதையே குடையில் செய்வது இது.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆளும் சாமான்களும் சேர்த்து 200 பவுண்டு, சுமார் 90 கிலோ என்று வையுங்கள். கற்றுக்கொள்கிறவருக்கு 200 சதுர அடிக்கு மேல் குடை தருவார்கள், சதுர அடிக்கு ஒரு பவுண்டுக்கும் குறைவான பாரம். ஸ்வூப் ஆசாமி 80 சதுர அடிக் குடை கட்டுவார், அதில் ஒவ்வொரு சதுர அடியும் இரண்டரை பவுண்டு சுமக்கிறது. பாரம் ஏற ஏற வேகமும் ஏறும், கைப்பிடியை லேசாகத் தொட்டாலே சீறித் திரும்பும்.

இருநூறு, முந்நூறு மீட்டர் உயரத்தில் அவர் முக்கால் வட்டமோ அதற்கு மேலோ திரும்புகிறார். திரும்புகிற குடை மூக்கைக் கவிழ்த்துப் பாயும், ஆள் கயிற்றுக் குண்டு போல வெளிப்பக்கம் வீசப்படுவார். பிறகு குடை தானாகவே மெல்ல நிமிர ஆரம்பிக்கும். சரியான கணத்தில் கைப்பிடியை இழுத்தால், கீழ்நோக்கிய வேகம் முழுக்க முன்னோக்கித் திரும்பி, புல்லுக்கு ஓரடி மேலே மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வழுக்கிக்கொண்டு போவார். போட்டிகளில் பெரும்பாலும் குளத்தின் மேல்தான் இது நடக்கும், தவறினால் தண்ணீர் கொஞ்சமாவது மன்னிக்கும் என்று. தூரம், வேகம், குறி தவறாமல் இறங்குவது என்று தனித்தனியே மார்க் போடுவார்கள். முதல் உலகப் போட்டி 2006இல் வியன்னாவில் நடந்தது. இவர்களுடைய வேகம் நொடிக்கு 35 மீட்டரையும் தாண்டக்கூடும் என்பதால், நல்ல குடையில் இருக்கும்போதே சைப்ரஸ் தவறாக வெடிக்காதபடி அதில் தனி வகை செய்ய வேண்டியிருந்தது.

உயிரை வாங்குவது எது?

இந்த இடத்தில்தான் என் எண்ணம் மாறியது. பாராசூட் விரியாததால் சாகிறார்கள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். இரண்டு குடை, தானே திறக்கும் கருவி, அத்தாட்சி பெற்றவரே மடிக்கும் ரிசர்வ் என்று எல்லாம் வந்த பிறகு அந்த வகை விபத்து குறைந்தது. ஸ்கைடைவிங் சாவுகளில் பெரிய பங்கு, நன்றாக விரிந்து, எந்தப் பழுதும் இல்லாத குடையின் கீழே நடக்கிறது. தரைக்குப் பக்கத்தில் திரும்பியதுதான் காரணம்.

ஸ்வூப் ஆசாமி மட்டும் இதில் மாட்டுவதில்லை. சாதாரணமாக இறங்குகிறவர் கடைசி நிமிஷத்தில் எதிரே ஒரு வேலியையோ இன்னொரு ஆளையோ பார்த்துப் பதறி, ஒரு கைப்பிடியை முழுக்க இழுத்துவிடுகிறார். குடை மூக்கைக் கவிழ்க்கும், நிமிர உயரம் இருக்காது. இரண்டு கைப்பிடியையும் பாதி இழுத்துப் பிடித்தபடி மெதுவாகத் திரும்பினால் குடை அவ்வளவாக உயரம் இழக்காது. இதைக் குதிக்கும்போதே பழக்கி வைத்திருக்க வேண்டும், ஆபத்து நேரத்தில் கை பழகினதைத்தான் செய்யும்.

வியாபாரி பாஷையில் சொன்னால், ஆகாயத்தில் உயரமே முதல். அதை அங்கே கடன் வாங்க முடியாது. இறக்கை உடைக்காரர் முதலைச் சிக்கனமாகச் செலவு செய்து நேரம் வாங்குகிறார். ஸ்வூப் ஆசாமி மிச்சமிருப்பதைக் கடைசியில் ஒரே மூச்சில் போட்டு வேகம் வாங்குகிறார். ஒரு நொடி பிசகினாலும் தரை கணக்கை முடித்துவிடும். இரண்டு பேருக்கும் வேண்டியது தைரியத்தைவிட, கையில் எவ்வளவு மிச்சம் என்று எப்போதும் தெரிந்திருப்பதுதான். அது நூற்றுக்கணக்கில் குதித்தால் ஒழிய வராது.

அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் விதியும் அதையே சொல்கிறது: 200 முறை குதிக்காதவர் இறக்கை உடை போடக்கூடாது. பையன் இந்த விதியை எங்களிடம் சொல்லவில்லை. நான் கேட்டதும் சிரித்தான்.

வீட்டில் யாராவது இப்படி ஆசைப்பட்டால் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் தள்ளாதீர்கள், சொல்லாமல் போய்ச் செய்வார்கள். இதையெல்லாம் கேளுங்கள். எத்தனை தடவை குதித்திருக்கிறாய், குறிப்பேடு எங்கே? இறக்கை உடைக்குத் தனி ஆசிரியர் உண்டா? உன் எடைக்குக் குடை எத்தனை சதுர அடி, சின்னக் குடைக்கு யார் சொல்லி மாறினாய்? ரிசர்வை மடித்தது யார், என்றைக்கு? வேகமாக இறங்குகிறவர்களுக்கு மைதானத்தில் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்களா? மலை உச்சியிலிருந்து குதிக்கும் பேஸ் ஜம்பிங் பக்கம் போகிறாயா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். அங்கே ஒரே குடைதான், பாறை பக்கத்திலேயே இருக்கும், பிழை திருத்த உயரமே இல்லை. பெயர் பெற்ற இறக்கை உடைக்காரர்கள் பலர் போனது அந்த வழியில்தான்.

கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற பிள்ளையை நம்பலாம். மழுப்பினால் அப்போது கோபப்படுங்கள்.

எங்கள் பையன் அம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தான், 200 ஆகும் வரை இறக்கை உடையைத் தொடமாட்டேன் என்று. ஒவ்வொரு மாதமும் குறிப்பேட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புகிறான். போன வாரம் பார்த்தபோது 112 ஆகியிருந்தது. 88 பாக்கி.