கால் சப்பையா இருக்குதா? பதற வேண்டாம்!

பிஞ்சுப் பாதத்தில் குழி விழ நாளாகும். ஸ்பெஷல் ஷூவுக்குக் காசைக் கொட்டாதீர்கள்

தர்மபுரி மாவட்டம் கடத்தூர். குளிப்பாட்டி இறக்கி விட்ட 3 வயதுப் பையன் சிமெண்டுத் தரையில் ஓடுகிறான். தரை முழுக்க ஈரக் கால் தடம். குதிகால் முதல் விரல் வரை முழுசாகப் பதிந்திருக்கிறது. பார்த்த பாட்டிக்குத் திக்கென்றது.

"என்னம்மா இது, பாதத்துல குழியே காணோம்! சப்பட்டையா இருக்குதே. நாளைக்கு இவனைப் போலீசு, பட்டாளத்துல சேர்ப்பாங்களா?"

கடத்தூரில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் பிள்ளை பெற்ற வீட்டில் கேட்கக்கூடிய பேச்சு இது. பாட்டியின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. ராணுவம், துணை ராணுவப்படை ஆள் சேர்ப்பில் பாதத்தையும் சோதிக்கிறார்கள். தட்டைப்பாதம் என்று சொல்லிக் கழித்து விடுவதும் உண்டு. ஆனால் 3 வயதுக் காலை வைத்து 18 வயதுக் காலை முடிவு செய்ய முடியாது!

மாவுப் பாதமும் நிஜப் பாதமும்

கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலில் மாவால் பாதம் போடுகிறோம். உள்பக்கம் அழகாக வளைந்திருக்கும். நிஜக் குழந்தையின் பாதம் அப்படி இருக்காது. காரணம் இரண்டு. ஒன்று, பாதக் குழி இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பு மெத்தை போல நிரம்பியிருக்கும். இரண்டு, ஒரு பாதத்தில் உள்ள 26 எலும்புகளையும் சேர்த்துக் கட்டும் தசைநார்கள் இளம் வயதில் தளர்வாக இருக்கும். எழுந்து நின்றால் உடம்பின் பாரத்தில் பாதம் தரையோடு தரையாக அமுங்கி விடும்.

வயது ஏற ஏறக் கொழுப்பு கரைந்து, நார்கள் இறுகிக் குழி தெரியத் தொடங்கும். சில பிள்ளைகளுக்கு 10 வயது வரை கூட ஆகலாம். ஆஸ்திரியா நாட்டில் 835 சிறுவர்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. 3 வயதில் 100-க்கு 54 பேருக்குத் தட்டைப்பாதம். 6 வயதில் அது 24 ஆகக் குறைந்து விட்டது. கவலைப்பட வேண்டிய தட்டைப்பாதம் 100-க்கு ஒருவருக்குக் கூட இல்லை!

செருப்பில்லாக் காலே சிறந்த கால்

கர்நாடகத்தில் உள்ள கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் ராவ், பெஞ்சமின் ஜோசப் இருவரும் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 பிள்ளைகளின் கால் தடங்களை எடுத்துப் பார்த்தார்கள். 1992-ல் முடிவு வெளியானது. காலணி அணியும் பிள்ளைகளில் 100-க்கு 8.6 பேருக்குத் தட்டைப்பாதம். வெறுங்காலோடு திரிந்தவர்களில் 2.8 பேருக்குத்தான்! விரல்களை மூடும் ஷூ போட்ட பிள்ளைகளிடம் அதிகம். வார்ச்செருப்பு போட்டவர்களிடம் அதை விடக் குறைவு.

வெறுங்காலில் நடக்கும்போது விரல்கள் தரையைப் பற்றும். பாதத் தசைக்கு வேலை கிடைக்கும். இறுக்கமான ஷூவுக்குள் அது சும்மா கிடக்கும். இதுதான் டாக்டர்கள் சொல்லும் விளக்கம்.

அதற்காகப் பிள்ளையைக் காடு மேடெல்லாம் வெறுங்காலில் விடச் சொல்லவில்லை. முள்ளும் கண்ணாடித் துண்டும் குத்தும். அசுத்தமான மண்ணில் கால் வைத்தால் கொக்கிப்புழு தோல் வழியாகவே உள்ளே போய் ரத்தத்தை உறிஞ்சும். வீட்டிலும் சுத்தமான வாசலிலும் வெறுங்கால். வெளியே போனால் செருப்பு. பள்ளிக்கு ஷூ கட்டாயம் என்றால் விரல்கள் அசைய இடம் விட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றி எறியட்டும்.

பணம் போச்சு!

குழி விழ வைக்கும் என்று சொல்லி விசேஷ ஷூவும் உள்ளே வைக்கும் அட்டையும் விற்கிறார்கள். பலன் உண்டா? அமெரிக்காவில் 129 குழந்தைகளைச் சேர்த்து 3 ஆண்டு சோதித்தார்கள். சிலருக்கு விசேஷ ஷூ, சிலருக்கு அட்டை, சிலருக்கு எதுவும் இல்லை. 1989-ல் வெளியான முடிவு: எல்லாப் பிள்ளைகளின் பாதமும் ஒரே மாதிரிதான் தேறியிருந்தது! ஷூ போட்டவனுக்கும் லாபம் இல்லை, போடாதவனுக்கும் நஷ்டம் இல்லை. வலி இருக்கும் பிள்ளைக்கு மட்டும் இந்த அட்டை சற்று சுகம் தரும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். மேலே இருக்கும் மாங்காயைப் பறிப்பது போல எட்டச் சொன்னால் போதும். அப்போது பாதத்தில் குழி தெரிந்தால் அது வளையும் தட்டைப்பாதம். வலியில்லாமல் ஓடியாடினால் வைத்தியமே வேண்டாம்.

டாக்டரிடம் எப்போது?

நுனிக்காலில் நின்றும் குழி தெரியவில்லை, பாதம் கட்டை போல விறைப்பாக இருக்கிறது என்றால் காட்ட வேண்டும். ஒரு கால் மட்டும் தட்டையாக இருப்பது, நடந்தால் வலிப்பது, விளையாட்டை விட்டு உட்கார்ந்து விடுவது, முன்பு இருந்த குழி மறைவது ஆகியவையும் எச்சரிக்கைகள். பிறவியிலேயே பாத எலும்புகள் இரண்டு ஒட்டிக் கொண்டிருந்தால் 8 வயதுக்கு மேல்தான் வலி தலைகாட்டும். 'வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்' என்று தைலம் தேய்த்தே காலம் கடத்தக் கூடாது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு டாக்டரிடம் காட்டலாம். குதிகால் நரம்பு இறுகியிருந்தால் அதை நீட்டும் பயிற்சி சொல்லித் தருவார்கள். ஆபரேஷன் வரை போவது வெகு சிலர்தான்.

மற்றபடி, அந்தப் பையன் நுனிக்காலில் எட்டி நின்று, பாதத்தில் குழி தெரிந்தால் பாட்டி நிம்மதியாக இருக்கலாம். வாசலில் ஓடட்டும், விடுங்கள்!