செம்பு கொழித்த ஊரில் குழிக்குள் வாழ்ந்தவர்கள்

தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகருக்கு வடக்கே சுமார் 160 கிலோ மீட்டர் தொலைவில் இருக்கிறது பர்ரா. ஏறக்குறைய ஆயிரம் பேர் வசிக்கும் சிற்றூர். ஆனால் 1850-களில் ஆஸ்திரேலியாவிலேயே மிகப் பெரிய உலோகச் சுரங்கம் இங்கேதான் இருந்தது.

ஊரின் பெயரும் நமக்கு அன்னியமானதல்ல என்பார்கள் சிலர். "படா" என்ற இந்துஸ்தானிச் சொல்லே "பர்ரா" ஆயிற்று, இந்தியாவிலிருந்து வந்த ஆட்டிடையர்கள் அங்குள்ள ஓடைக்கு வைத்த பெயர் அது என்பது அவர்கள் கூற்று. வேறு விளக்கங்களும் உண்டு.

சீட்டு விழுந்த பக்கம்

1845-ல் ஆடு மேய்ப்பவர்கள் கண்ணில் செம்புப் பாறை பட்டது. உடனே அடிலெய்டில் இரண்டு கோஷ்டிகள் கிளம்பின. ஒன்று பெரும் பணக்காரர்களுடையது. மற்றது கடைக்காரர்கள், சிறு வியாபாரிகளுடையது. 20,000 ஏக்கருக்கு 20,000 பவுன் ரொக்கம் கட்டச் சொன்னது சர்க்கார். தனித்தனியே கட்ட இருவராலும் முடியவில்லை. சேர்ந்து வாங்கினார்கள்; நிலத்தை இரண்டாகப் பிரித்துச் சீட்டுப் போட்டார்கள்.

வடக்குப் பாதி கடைக்காரர்களுக்கு விழுந்தது. செம்பும் அங்கேதான் கொழித்தது! பணக்காரர்களின் தெற்குப் பாதியில் தோண்டிய சுரங்கம் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

கரையைக் குடைந்த வீடுகள்

சுரங்கம் வெட்ட இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்தும், செம்பு உருக்க வேல்ஸிலிருந்தும் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். இருந்த வீடுகள் போதவில்லை. ஓடைக்கரையை வளை போலக் குடைந்து அதற்குள் குடியேறினார்கள். கரை மேலே புகைபோக்கிகள் மட்டுமே தெரியும். 1851-ல் சுமார் 1,800 பேர் இப்படி வாழ்ந்தார்கள். காய்ச்சல் பரவியது, பல குழந்தைகள் மடிந்தன. அதே ஆண்டு ஓடையில் வெள்ளம் வந்து குழி வீடுகளை அழித்தது.

தொழிலாளர்கள் பேசாமல் இருந்துவிடவில்லை. 1848-லேயே கூலித் தகராறில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள். 1851-ல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்த சேதி வந்ததும் பலர் மூட்டை கட்டினார்கள்.

ரயில் வந்தது, சுரங்கம் போனது

1870-ல் பர்ராவுக்கு ரயில் வந்தது. ஏழே ஆண்டில், 1877-ல், சுரங்கம் மூடப்பட்டது. அதுவரை எடுத்த செம்பு சுமார் 50,000 டன். பிறகு ஆடும் கம்பளியும் ஊருக்குச் சோறு போட்டன. 1971 முதல் 1981 வரை மீண்டும் செம்பு வெட்டினார்கள், அதுவும் நின்றது.

2017-ல் பர்ரா சுரங்கம் ஆஸ்திரேலியாவின் தேசிய பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இயந்திரக் கட்டடமும் புகைபோக்கியும் பார்க்க வருவோர் ஓடைக்கரைக்கும் போகிறார்கள். ஆயிரத்து எண்ணூறு பேர் வாழ்ந்த குழிகளில் இரண்டை மட்டும் அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.