நிறைகுடம் மெல்லப் பேசும்

கையில் 13 சீட்டு. ஸ்பேடில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக், 6, 2. ஹார்ட்டில் ஏஸ், ராஜா, ராணி. டயமண்டில் ஏஸ், 5. கிளாவரில் வெறும் 7, 4. பிரிட்ஜ் மேஜையில் இப்படி ஒரு கை வந்தால் தேர்ந்த ஆட்டக்காரர் ஏலத்தைத் தொடங்குவது எப்படித் தெரியுமா? ‘இரண்டு கிளாவர்’ என்று!

ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1. சீட்டுக்கட்டில் மொத்தம் 40 புள்ளி. ஆளுக்குச் சராசரி 10. நம் கையில் 23. ‘இரண்டு கிளாவர்’ சொல்லவைக்கும், 22-க்குக் குறையாத கை சுமார் 236 முறைக்கு ஒருமுறைதான் வரும்.

304 சீட்டாட்டம் ஆடியவர்களுக்கு ஏலம் புதிதல்ல. பிரிட்ஜ் ஏலத்தில் ஒரு கிளாவர் முதல் ஏழு நோ-டிரம்ப் வரை 35 படிகள். ஏறலாம், இறங்க முடியாது. சொல்லும் எண்ணோடு 6 கூட்டினால் எடுக்க வேண்டிய பிடிகள். கூட்டாளியிடம் பேச இதைவிட்டால் வேறு மொழி கிடையாது.

நம் கைக்குப் பத்துப் பிடி ஏறக்குறைய உறுதி. ‘ஒரு ஸ்பேட்’ என்று தொடங்கினால், ஐந்து புள்ளிகூட இல்லாத கூட்டாளி ‘பாஸ்’ சொல்லிவிடுவார். பத்துப் பிடி எடுத்தும், ‘வல்னரபிள்’ (பரிசும் அபராதமும் கூடும் நிலை) ஆகாதபோது, 170 புள்ளிதான். நான்கு ஸ்பேட் கேட்டிருந்தால் 420. சரி, எடுத்த எடுப்பில் ‘நான்கு ஸ்பேட்’ என்றால்? நீண்ட ஸ்பேடும் நோஞ்சான் கையும் என்று கூட்டாளி நினைத்துக்கொள்வார். அவரிடம் கிளாவர் ஏஸும் ராஜாவும் இருந்தால் பன்னிரண்டு பிடி. ஆறு ஸ்பேட் கேட்டால் 980. அதைக் கேட்காமலே ஏலம் முடிந்துவிடும்.

இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. எதிராளிகள் வாய் திறக்காவிட்டால், நான்கு ஸ்பேடுக்கு மேலே மிஞ்சுவது 16 படி. ஏலம் போகக்கூடிய வழிகள் 65,536. இரண்டு கிளாவருக்கு மேலே 29 படி. வழிகள் 53 கோடியே 68 லட்சத்துக்கும் அதிகம். ஒரு படி கீழே நின்றால் வழிகள் இரட்டிப்பாகும். சொல்ல நிறைய இருப்பவர் தாழ்வாகத் தொடங்குவதன் ரகசியம் இதுதான்.

கூட்டாளி ‘இரண்டு டயமண்ட்’ என்பார். ‘சொல்லுங்கள், கேட்கிறேன்’ என்று அர்த்தம். ‘இரண்டு ஸ்பேட்’ என்ற பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கும். சி. சி. வெய் வகுத்த ‘பிரிசிஷன்’ முறை இன்னும் கீழே போனது: 16 புள்ளியிலேயே ‘ஒரு கிளாவர்’. அதை வைத்து ஆடிய தைவான் அணி 1969 பெர்முடா கோப்பை உலகப் போட்டியில் இரண்டாமிடம் பிடித்தது.

எதிராளி சும்மா இருப்பாரா? ஒரே ஜாதியில் ஏழு சீட்டும் ஐந்தாறு புள்ளியும் வைத்திருப்பவர், ‘மூன்று’ என்று தாவி நம் படிகளை விழுங்கிவிடுவார். குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். பிரிட்ஜில் அது தெரிந்தே ஆடும் கூத்து.