இருதயத்தில் ஒரு முணுமுணுப்பு

கல்லூரியில் சேருவதற்கோ, விளையாட்டுக் குழுவில் இடம் பெறுவதற்கோ, ஓர் உத்தியோகத்திற்கோ மருத்துவச் சோதனைக்குப் போகிறோம். உடம்பில் ஒரு குறையும் இல்லை என்ற எண்ணத்தோடுதான் போகிறோம். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைக்கிறார். சற்று நகர்த்தி மறுபடியும் வைக்கிறார். மூச்சை அடக்கச் சொல்கிறார். பிறகு, "இருதயத்தில் ஒரு முணுமுணுப்புக் கேட்கிறது, எதற்கும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சீட்டு எழுதித் தருகிறார். அவர் சொன்னது ஒரே வாக்கியம். கேட்டவர் வீடு வந்து சேருவதற்குள் அது பெரியதொரு நோயாக வளர்ந்துவிடுகிறது. 'எதற்கும்' என்ற சொல் மறந்துபோகிறது. 'இருதயம்' என்ற சொல் மட்டும் நெஞ்சில் நிற்கிறது.

முணுமுணுப்பு என்பது நோயின் பெயர் அன்று. ஓர் ஓசையின் பெயர். இருதயத்தில் நான்கு வால்வுகள் உண்டு. இரத்தம் ஒரே திசையில் செல்லுமாறு காக்கும் கதவுகள் அவை. அவை மூடும்போது எழும் ஒலியே 'லப், டப்' என நாம் கேட்பது. இந்த இரண்டு ஒலிகளுக்கும் இடையே 'உஸ்' என்று ஒரு நீண்ட ஓசை கேட்டால் அதனை முணுமுணுப்பு என்பர். வாய்க்காலில் நீர் சீராகச் செல்லும்போது ஓசை எழுவதில்லை. மதகு பழுதுபட்டு இடுக்கு வழியே நீர் பீறிட்டால் சலசலப்பு உண்டாகும். மதகு செம்மையாக இருந்தும் நீர் மிகுந்து விரைந்து ஓடினாலும் சலசலப்பு உண்டாகும். இருதயத்திலும் அப்படியே. காய்ச்சல், இரத்தசோகை, கர்ப்ப காலம், தைராய்டுச் சுரப்பியின் மிகுதி ஆகிய நிலைகளில் இரத்தம் விரைந்து ஓடுவதால், நல்ல வால்வுகளிலிருந்தும் இவ்வோசை எழலாம். யாதொரு காரணமும் இன்றி, நல்ல உடல்நலமுள்ள சிறுவர்களிடத்தும் இளைஞர்களிடத்தும் இது கேட்பதுண்டு.

இந்த வேறுபாட்டை மருத்துவ உலகமே மெல்லத்தான் கற்றுக்கொண்டது. 1816ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து நெக்கர் மருத்துவமனையில் லென்னெக் என்பவர் காகிதத்தைச் சுருட்டி ஒரு நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். அதுவே ஸ்டெதாஸ்கோப்பின் பிறப்பு. துருத்தி ஊதுவது போன்ற ஓசை என்று முணுமுணுப்பை வருணித்தவரும் அவரே. புதிய கருவி கைக்கு வந்தபின், கேட்ட ஓசையையெல்லாம் கேடு என்று கொள்ளும் வழக்கம் பலரிடம் வேரூன்றிவிட்டது. ஓடியாடிய பிள்ளைகள் படுக்கையில் கிடத்தப்பட்டார்கள்.

இங்கிலாந்தில் பர்ன்லி என்னும் ஆலை நகரத்தில் குடும்ப மருத்துவராக இருந்த ஜேம்ஸ் மக்கென்சி இதை ஐயுற்றார். அவர் செய்தது மிக எளிய காரியம்: முணுமுணுப்பு உடையவர்களைப் பல ஆண்டுகள் விடாமல் கவனித்து வந்தார். அவர்களுள் பலர் நலமாக வாழ்ந்து, உழைத்து, பிள்ளை பெற்று வளர்த்ததைக் கண்டார். ஓசை எப்படி இருக்கிறது என்பதைவிட, இருதயம் தன் வேலையை எவ்வளவு செவ்வையாகச் செய்கிறது என்பதையே பார்க்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1909இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், நலமுள்ள குழந்தைகளிடம் கேட்கும் ஒருவகை முணுமுணுப்பை, இழுத்துக் கட்டிய தந்தியை மீட்டுவது போன்றது என்று எழுதினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. நோயின் ஓசையை இசைக்கு ஒப்பிட எவருக்கும் மனம் வராது. அது நோயன்று என்று கண்டதால்தான் போலும் அவருக்கு அந்த உவமை வாய்த்தது!

இனி அச்சத்தின் செயலைப் பார்ப்போம். அஞ்சியவுடன் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இருதயம் விரைந்தும் வலுத்தும் துடிக்கிறது. இரத்த ஓட்டம் மிகுவதால், தீங்கற்ற முணுமுணுப்புங்கூட உரத்துக் கேட்கத் தொடங்குகிறது. இரவில் விளக்கை அணைத்து இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால், இருதயம் மார்புச் சுவரை நெருங்குவதால் துடிப்பு நன்றாகத் தெரியும். இது எல்லாருக்கும் இயல்பு. ஆனால் சீட்டு வாங்கி வந்தவர் அதை அன்றுதான் முதன்முறையாகக் கவனிக்கிறார். விரலை நாடியில் வைத்து எண்ணுகிறார். எண்ண எண்ண வேகம் கூடுகிறது. கூடக் கூட அச்சம் மிகுகிறது. துடிப்பு ஒன்று தவறியது போலிருந்தால் விடியும்வரை உறக்கமில்லை. அப்படித் தவறுவதும் நலமுள்ளோரிடம் அடிக்கடி நிகழ்வதே.

ஆகவே காத்திருக்கும் நாட்களில் நாடியை எண்ணும் பழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விடுவதைச் சில நிமிடங்கள் செய்தால் துடிப்பு தணியும். வீட்டில் ஒருவரிடம் செய்தியைச் சொல்லிவிடுவது நலம். ஊரார் பத்துப் பேரிடம் சொல்வது நலமன்று. ஒவ்வொருவரும் தம் உறவினர் ஒருவர் கதையைக் கொண்டுவருவார்கள். இணையத்தில் நள்ளிரவில் தேடிப் படிப்பதும் அவ்வகையே. கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிவைத்து மருத்துவரையே கேட்கலாம்: இது தீங்கற்றதா? எதனால் அப்படிக் கருதுகிறீர்கள்? மேலும் சோதனை வேண்டுமா? அதுவரை ஓடலாமா, விளையாடலாமா?

அச்சம் வேண்டாம் என்றால் அலட்சியம் வேண்டும் என்று பொருளாகாது. ஓடும்போது மயக்கம், சிறு வேலைக்கே மூச்சுத் திணறல், உழைக்கும்போது மார்புவலி, உதடுகள் நீலமாதல், கால் வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நம் நாட்டில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் பிள்ளைகளின் வால்வுகளைக் கெடுப்பதுண்டு. முன்பு மூட்டுகள் வீங்கி வலித்தனவா என்பதை நினைவுகூர்ந்து சொல்ல வேண்டும்.

ஐயத்தைத் தீர்க்க எக்கோ என்னும் சோதனை இருக்கிறது. 1953இல் ஸ்வீடன் நாட்டு லுண்டு நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற பௌதிக அறிஞரும் இதற்கு வழி கண்டனர். காதுக்கு எட்டாத ஒலி அலைகளைச் செலுத்தி, அவை திரும்பி வருவதைக் கொண்டு வால்வுகள் அசைவதைத் திரையில் காண்கிறார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. வால்வில் குறை தெரிந்தாலும் வழி உண்டு: ருமாட்டிக் காய்ச்சல் திரும்பாமலிருக்க மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி, தேவையானால் பலூன் சிகிச்சையோ அறுவையோ.

குறை இல்லை என்று தெரிந்த பின்பும் கதை முடிவதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து பெர்க்மன், ஸ்டாம் என்ற இரு மருத்துவர்கள் 1967இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உண்மையான இருதய நோயால் முடங்கிய பிள்ளைகளைவிட, இல்லாத நோயை இருப்பதாக எண்ணி முடக்கப்பட்ட பிள்ளைகளே மிகுதியாக இருக்கக்கூடும் என்று அவர்கள் மதிப்பிட்டனர். வீட்டார் அன்பினால் 'ஓடாதே, மாடி ஏறாதே' என்கிறார்கள். பிள்ளை நோயாளியாகவே வளர்கிறது. இதற்கு வாய்ச்சொல் போதாது. 'இருதயம் நலமாக உள்ளது. எல்லா விளையாட்டுகளிலும் சேரலாம்' என்று மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி, ஒரு படியை வீட்டிலும் மற்றொன்றை உடற்பயிற்சி ஆசிரியரிடமும் கொடுத்துவிடலாம். சில வாரங்களுக்குப் பின்னும் உறக்கமும் பசியும் திரும்பாவிட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லலாம். அச்சத்துக்கும் சிகிச்சை உண்டு.