உத்தரவுக்குக் காத்திருந்த ஸ்தானிகர்

அயல்நாட்டு உத்தியோகம் என்றதும் நம்மவர் மனத்தில் மாலை மரியாதைகளும் விருந்துகளுமே தோன்றுகின்றன. உண்மையில் அதில் பெரும்பகுதி காத்திருப்பதுதான். ஒருவரை ஸ்தானிகராக அனுப்பச் சர்க்கார் தீர்மானித்தாலும், அவர் போகவேண்டிய தேசத்தின் சம்மதத்தை முன்னதாகப் பெறவேண்டும். அந்தத் தேசம் மறுத்தால், 1961-ஆம் வருஷத்து வியன்னா ஒப்பந்தப்படி, அதற்குக் காரணம் சொல்லக்கூடக் கடமைப்பட்டதன்று.

குமாரி சி. பி. முத்தம்மாவைக் காக்கவைத்ததோ அவருடைய சொந்தச் சர்க்கார்.

குடகு நாட்டு விராஜ்பேட்டையில் 1924-இல் பிறந்த இவர் படித்தது சென்னையிலே. பெண்கள் கிறிஸ்தவக் கலாசாலையிலும் ராஜதானிக் கலாசாலையிலும். 1948-இல் பரீட்சையில் தேறி, மறுவருஷம் இந்திய அயல்நாட்டு ஸர்வீஸில் சேர்ந்தார். அதில் சேர்ந்த முதல் பெண்மணி அவரே. விவாகம் செய்துகொண்டால் ராஜீனாமாச் செய்துவிடுவதாகச் சேரும்போதே உறுதிமொழி கொடுக்கவேண்டியிருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1947-லேயே ஸ்ரீமதி விஜயலக்ஷ்மி பண்டிட் மாஸ்கோவுக்கு நம் ஸ்தானிகராகச் சென்றிருந்தார். அவர் மூன்று பெண்களுக்குத் தாயார். தலைவர்கள் நேரே நியமித்தால் குடும்பம் குறுக்கே நிற்பதில்லை. பரீட்சை எழுதித் தேறினால் மட்டும் நிற்கும் போலும்!

1970-இல் முத்தம்மா ஹங்கேரிக்கு ஸ்தானிகரானார். ஸர்வீஸிலிருந்தே அப்பதவிக்கு உயர்ந்த முதல் இந்தியப் பெண் அவர். ஆயினும், பிற்பாடு முதல் வகுப்புக்கு உயர்வு வரவேண்டிய சமயத்தில், தகுதி போதவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏறக்குறைய முப்பது வருஷம் உழைத்த பிறகு! அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். தலைவிதி என்று வாளாவிருக்க மனமின்றி, அவர் சுப்ரீம் கோர்ட்டில் மனுச் செய்துகொண்டார்.

வழக்கு நடக்கும்போதே உத்தரவு வந்து சேர்ந்தது. சில மாதங்களுக்கு முன் தகுதி போதாதிருந்தவர் இப்போது தகுதி பெற்றுவிட்டார், நெதர்லாந்து தேசத்து ஹேக் நகருக்கு ஸ்தானிகராக நியமிக்கப்பட்டுள்ளார் என்று சர்க்கார் கோர்ட்டுக்குத் தெரிவித்தது. அந்தச் சில மாதங்களில் எந்தப் பாடத்தை உருப்போட்டுத் தேறினாரோ! ஒரே பருவத்தில் ஒரு பையனைத் தவறவும் வைத்துத் தேறவும் வைத்தோமானால், ஹெட்மாஸ்டர் நம்மைச் சும்மா விடுவாரா?

1979-இல் தீர்ப்பளித்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், உயர்வு கிடைத்துவிட்டபடியால் மனுவைத் தள்ளினார். ஆனால் அவருடைய ஸீனியாரிட்டியை மறுபடி பரிசீலிக்கும்படி சொன்னார். விதிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. பெண் உத்தியோகஸ்தர் விவாகத்துக்கு எழுத்துமூலம் அனுமதி பெறவேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறாகும் என்று சர்க்காருக்குத் தோன்றினால் அவரை விலகச் சொல்லலாம் என்று ஒரு விதி இருந்தது. அந்த இடையூறு ஆண்பிள்ளைக்கும் நேரலாமே என்பது நீதிபதியின் வாதம். விவாகமான பெண்ணுக்கு ஸர்வீஸில் நியமனம் பெற உரிமையில்லை என்ற இன்னொரு விதி 1973-லேயே நீக்கப்பட்டிருந்தது. இதையும் நீக்கிவருவதாகச் சர்க்கார் தரப்பில் ஒப்புக்கொண்டார்கள்.

முத்தம்மா விவாகம் செய்துகொள்ளவேயில்லை. 1982-இல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். 2001-இல் ஸ்ரீமதி சோகிலா ஐயர் வெளிநாட்டு இலாகாவின் காரியதரிசியானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண் அவர். 2009-இல் காலமான முத்தம்மா, அதைக் காண இருந்தார்.